நிலவும் லயமும் ஒரே படத்தில்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நிலவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மின்விளக்கு வராத காலத்தில் லயத்து வாசலில் பாய் விரித்துக் கதை பேசியது நிலா வெளிச்சத்தில்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களுக்கு மேற்கே சாயும் முழுநிலவுதான் வழித்துணை. தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை என நம் பெரிய திருநாட்கள் பலவும் முழுநிலவையொட்டியே வருகின்றன.

இவ்வளவு பழகிய நிலவு, படம்பிடிக்கப் போனால் மட்டும் நம்மை ஏமாற்றிவிடுகிறது. கண்ணுக்குத் தாம்பாளம் போலத் தெரிந்தது, படத்தில் வெள்ளைப் பொட்டாக நிற்கிறது. அதன் கீழே இருந்த வீடும் மரமும் மனிதரும் இருட்டில் மறைந்துபோகிறார்கள். இது ஏன் நேர்கிறது, இதை எப்படித் திருத்திக்கொள்வது என்பதையே இன்று பேசப்போகிறோம்.

முதலில் எங்கள் தோல்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன், கைமாறிவிட்ட ஒரு தோட்டத்தின் கடைசித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு வீடமைப்புப் பகுதி எழுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தத் தோட்டத்திலேயே பால்வெட்டி மூப்படைந்த பெரியவர் ஒருவர், எங்கள் தோளில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். “தம்பி, வீட்டையும் தூக்கிட்டுப் போக முடியாது, கோயிலையும் தூக்கிட்டுப் போக முடியாது. கோயிலு, லயம், மேலே நிலா, மூணும் ஒண்ணா இருக்கிற மாதிரி ஒரு படம் எடுத்துக் குடுங்க. பேரப்பிள்ளைங்களுக்குக் காட்டணும்” என்றார். “அதற்கென்ன ஐயா, எடுத்துத் தருகிறோம்” என்று வாக்குக் கொடுத்தோம். பூசையெல்லாம் முடிந்து, இரவு 9 மணிக்கு மேல், 36 படங்கள் கொண்ட சுருள் முழுவதையும் எடுத்துத் தீர்த்தோம்.

பட்டணத்தில் கழுவி வந்த படங்களைப் பார்த்தபோது மனம் சோர்ந்துவிட்டது. கறுப்புத் தாளில் ஒரு வெள்ளைப் புள்ளி. கோயிலைக் காணோம், லயத்தையும் காணோம். சில படங்களில், முன்னால் நின்ற பிள்ளைகளின் முகம் மட்டும் பிளாஷ் வெளிச்சத்தில் வெளுத்துக் கிடந்தது. அடுத்த பௌர்ணமிக்கு மறுபடியும் போனோம். அதற்குள் லயங்களின் கூரையைப் பிரித்திருந்தார்கள். பெரியவரின் குடும்பம் எங்கோ பெயர்ந்துவிட்டிருந்தது.

கேமராவில் பழுதில்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த நேரந்தான் பிழை. இரவு 9 மணிக்குச் செய்ததை மாலை ஏழேகாலுக்குச் செய்திருந்தால் அந்தப் படம் கிடைத்திருக்கும். ஏன் என்று பார்ப்போம்.

நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அது சூரிய வெயில் பட்டு நிற்கும் ஒரு பெரும் கல் உருண்டை. அதன் தரை வெண்மையானதுகூட இல்லை. தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 விழுக்காட்டைத்தான் திருப்பி அனுப்புகிறது. தேய்ந்துபோன தார்ச்சாலையும் ஏறக்குறைய அவ்வளவுதான் அனுப்பும். ஆக, முழுநிலவைப் படம்பிடிப்பது என்றால் நடுப்பகல் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையைப் படம்பிடிப்பது என்றே பொருள். நமக்கு இரவாக இருக்கலாம், அங்கே பட்டப்பகல்.

இப்போது அதே நேரத்தில் நம் லயத்தின் நிலையைப் பாருங்கள். அதன்மேல் விழுவது நிலவொளி மட்டுந்தான். சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு ஒளி மிக்கது. அதாவது, நிலவின்மேல் விழும் வெளிச்சத்தில் 4 லட்சத்தில் ஒரு பங்குதான் இரவில் நம் கூரைமேல் விழுகிறது. எந்தக் கேமராவும் இந்த இரண்டையும் ஒரே சொடுக்கில் பிடிக்க முடியாது. லயம் தெரிய வேண்டுமென்று கேமராவின் கண்ணை நெடுநேரம் திறந்து வைத்தால் நிலவு வெளுத்துப்போகும். நிலவின் முகம் தெரிய வேண்டுமென்று சட்டென்று மூடினால் லயம் இருளில் மூழ்கும். நம் கண்ணும் மூளையும் சேர்ந்து இரண்டையும் பார்த்துச் சமாளித்துக்கொள்கின்றன. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு.

ஆனால் இரண்டு வெளிச்சமும் ஒன்றுக்கொன்று நெருங்கிவரும் வேளை ஒன்று இருக்கிறது. சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்னிருந்து, மறைந்த பிறகு பதினைந்து நிமிடம் வரை உள்ள பொழுது அது. அப்போது மேற்கு வானத்தின் வெளிச்சம் நம் வீட்டின்மேலும் மரத்தின்மேலும் இன்னும் படிந்திருக்கும். கிழக்கே எழுந்துகொண்டிருக்கும் நிலவோ, அடிவானத்துக் காற்றையும் தூசியையும் ஊடுருவி வருவதால் சற்று மங்கலாக, மஞ்சளாக, சில நாள் செம்மையாக இருக்கும். கீழே வெளிச்சம் குறைந்து, மேலே நிலவின் ஒளி கூடிக்கொண்டே போகையில், இரண்டும் சந்திக்கும் அந்தச் சில நிமிடங்களே நமக்கு வாய்ப்பு.

நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த வாய்ப்பு மிகக் குறுகியது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கிவிடுகிறது. குளிர்நாடுகளில் மாலை மங்கல் நெடுநேரம் நீடிக்கும். இங்கே 20 நிமிடத்திற்கெல்லாம் இருட்டு சூழ்ந்துவிடும். கோலாலம்பூர்ப் பக்கம் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான். அந்தக் காலத்தில் ஆறரைக்கே பொழுது சாயுமே என்று மூத்தவர்கள் நினைக்கலாம். அதுவும் சரிதான், 1982 ஜனவரி முதல் நாள் தொடங்கித் தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளிவைத்துவிட்டார்கள்.

சரி, எந்த நாளில் எடுப்பது? பௌர்ணமியன்று நிலவு, சூரியன் மறையும் வேளையையொட்டி எழும். ஒவ்வொரு நாளும் அது சராசரி 50 நிமிடம் தாமதித்து எழுகிறது. பூமி ஒருமுறை சுழன்று முடிப்பதற்குள் நிலவு தன் பாதையில் கிழக்கு நோக்கிச் சற்று நகர்ந்துவிடுவதே காரணம். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால், பௌர்ணமிக்கு முதல் நாள் நிலவு சுமார் 50 நிமிடம் முன்னதாகவே எழுந்திருக்கும் அல்லவா? அன்று சூரியன் மறையும்போது அது கிழக்கே ஒரு முஷ்டி உயரத்திற்கு மேல் ஏறியிருக்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது மறைக்கும் வானம் ஏறத்தாழ 10 பாகை. வட்டத்தில் குறையும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

தோட்டத்துக்காரர்களுக்கு இந்த முதல் நாள்தான் மிகவும் உகந்தது. நம்மைச் சுற்றிச் செம்பனையும் ரப்பரும் குன்றும் நிற்கின்றன. பௌர்ணமியன்று நிலவு மரத்துக்கு மேலே தலைகாட்டுவதற்குள் இருட்டிவிடும். முதல் நாளானால், 10 மீட்டர் உயர மரவரிசையிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்றாலே, பொழுது சாயும் நேரத்தில் நிலவு மரங்களுக்கு மேலே தெரியும். பெரட்டுக்களமோ பந்து விளையாடும் திடலோ அதற்குப் போதும். கிழக்கே தடையில்லாத வெட்டவெளியோ கடலோ இருந்தால் பௌர்ணமி நாளும் நல்லதே.

நாளைக் கண்டுபிடிப்பது எளிது. சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் பௌர்ணமி குறித்திருக்கும். சீனர் கடையில் தரும் நாட்காட்டி இருந்தால், சீன மாதத்தின் 15ஆம் நாள் பௌர்ணமியையொட்டி வரும். பிள்ளைகள் தங்லுங் விளக்கு பிடிக்கும் திருநாளும் எட்டாம் மாதத்துப் பதினைந்தாம் நாள்தான். 14ஆம் நாளை நம் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிலவு எங்கே எழும் என்று அறிய நம் நிழலே போதும். பௌர்ணமி மாலையில் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் நெடிய நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ, ஏறத்தாழ அந்தப் பக்கந்தான் நிலவு வரும். ஜூன் மாதத்தில் சூரியன் வடமேற்கே சாய்வதால் முழுநிலவு தென்கிழக்கில் எழும். டிசம்பரில் தென்மேற்கே சாய்வதால் வடகிழக்கில் எழும். ஆகவே, தை மாதத்தில் கோயிலுக்கு நேரே வந்த நிலவு ஆடி மாதத்தில் வேறு பக்கம் போயிருக்கும். நிற்கும் இடத்தை முதல் நாள் மாலையிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி, அளவைப் பற்றி ஒரு வார்த்தை. அடிவானத்தில் நிலவு பெரிதாகவும், உச்சியில் சிறிதாகவும் தெரிகிறதே, அது மெய்யா? இல்லை. தாளைக் குழாய்போலச் சுருட்டி அதன்வழியே அடிவானத்து நிலவைப் பாருங்கள். நள்ளிரவில் அதே குழாயால் உச்சி நிலவையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவாகத்தான் இருக்கும். பெருமை நம் மனம் சேர்த்துக்கொள்வது. கேமராவுக்கு மனம் இல்லாததால் அது உள்ளதை உள்ளபடி காட்டிவிடுகிறது. நிலவு நம்மிடமிருந்து சராசரி 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். அதாவது, தன் அளவைப்போல் ஏறக்குறைய 110 மடங்கு தொலைவில் நிற்கிறது.

இந்த 110 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கேமராவில் உள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸை 110ஆல் வகுத்தால், பிலிமில் நிலவு விழும் அளவு கிடைக்கும். அது அரை மில்லிமீட்டர்கூட வராது, கடுகைவிடச் சிறியது. நிலவை இழுத்துப் பெரிதாக்க முடியாது. ஆனால் நாம் பின்னால் போகலாம். ஒரு பொருளின் உயரத்தைப்போல் 110 மடங்கு தொலைவில் நின்றால் அந்தப் பொருளும் நிலவும் ஒரே உயரமாகத் தெரியும். 6 மீட்டர் உயரக் கோயில் கோபுரத்திற்கு 660 மீட்டர் தொலைவு வேண்டும். 1.2 மீட்டர் உயரப் பிள்ளைக்கு 132 மீட்டர் போதும். பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர்; அதற்குச் சுமார் 4.7 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும்! இப்படித் தள்ளிப் போனால் 200 மில்லிமீட்டருக்குக் குறையாத நீள லென்ஸும் வேண்டும். அது இல்லையே என்று மனம் தளர வேண்டாம். சிறிய நிலவே உலகப் புகழ்பெற்ற கதை ஒன்றும் இருக்கிறது.

அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸ் என்றொரு புகைப்படக் கலைஞர் இருந்தார். 1902இல் பிறந்து 1984இல் மறைந்தவர். 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்சிகோ மாநிலத்தில், மகனோடும் நண்பரோடும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். எர்னாண்டஸ் என்ற சின்னஞ்சிறு கிராமத்தைக் கடக்கும்போது, கிழக்கே மலைக்கும் மேகத்துக்கும் மேலே நிலவு ஏறியிருந்தது. கீழே சில வீடுகள், ஒரு தேவாலயம், அதன் கல்லறைத் தோட்டம். அங்கே நட்டிருந்த வெள்ளைச் சிலுவைகளின்மேல் சாயுங்கால வெயில் பட்டு மின்னியது. வண்டியைச் சட்டென்று நிறுத்திப் பெரிய கேமராவை அவசர அவசரமாக நிறுத்தினார். வெளிச்சத்தை அளக்கும் கருவியைத் தேடினால் அகப்படவில்லை. நிலவின் ஒளி எவ்வளவு என்ற கணக்கு மட்டும் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. அதை வைத்து மனத்திலேயே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகளின் மேலிருந்த வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே படம்.

அந்தப் படத்தில் நிலவு சிறியதுதான். பெரும்பகுதி கறுத்த வானம். அடியில் எளிய மனிதர்களின் வீடுகளும் கல்லறைகளும். ஆனாலும் 20ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற புகைப்படங்களில் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. படம் எடுத்த தேதியை ஆடம்ஸ் குறித்துவைக்கவில்லை. பிற்காலத்தில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். ஆனால் படத்தில் நிலவு இருக்கிறதே! அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது, அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை அளந்து, கேமரா நின்ற இடத்தையும் தேடிக் கண்டுபிடித்து, வானியலில் தேர்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். டென்னிஸ் டி சிக்கோ என்பவர் 1991இல் வெளியிட்ட முடிவு இது: 1941 நவம்பர் 1ஆம் நாள், மாலை 4 மணி 49 நிமிடம். எடுத்தவரே மறந்துபோன தேதியை நிலவு ஐம்பது ஆண்டுகள் நினைவில் வைத்திருந்தது.

நேயர்களே, இதைத்தான் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். தோட்டங்கள் பல இன்று பெயரளவில்கூட இல்லை. லயங்கள் இருந்த இடத்தில் கடைவீதிகளும் அடுக்குமாடி வீடுகளும் வந்துவிட்டன. நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் தேடினால் திருமணப் படமும் அடையாளக் கார்டுப் படமும் கிடைக்கும். வாழ்ந்த இடத்தின் படம் கிடைப்பது அரிது. வீடும் கோயிலும் மேலே நிலவுமாக ஒரு படம் இருந்தால், இடமும் காலமும் சேர்ந்தே அதில் பதிந்திருக்கும்.

இனிச் செய்முறை. பிலிம் கேமரா வைத்திருப்பவர்கள், 100 எண் பிலிமுக்கு, உயரே ஏறிய நிலவானால் துவாரம் எஃப் 11, வேகம் 125இல் ஒரு விநாடி என்று தொடங்கலாம். அடிவானத்தருகே மங்கியிருப்பதால் 60இல் ஒன்றும், 30இல் ஒன்றும் வைத்து இன்னும் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தில் நிலவு தன் அகலத்தளவு நகர இரண்டே நிமிடம் ஆகும். ஆகவே நெடுநேரம் திறந்துவைத்தால் உருவம் இழுபட்டுவிடும்.

கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் முதலில் பிளாஷை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் சில மீட்டரோடு நின்றுவிடும். திரையில் நிலவின்மேல் விரலை வைத்துத் தொடுங்கள்; பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கோட்டைக் கீழே இழுத்து, நிலவின் முகத்தில் உள்ள கறைகள் தெரியும்வரை குறையுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்கினால் படம் பிசிறிப்போகும், அது வேண்டாம். கை ஆடாமலிருக்க வேலிக்கம்பத்திலோ ஏணியிலோ தொலைபேசியைச் சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையோ தாத்தா பாட்டியையோ படத்தில் சேர்ப்பதானால், மேற்கு வெளிச்சம் அவர்கள் முகத்தில் படும்படி நிறுத்துங்கள். படம் எடுப்பவர் முதுகுக்குப் பின்னால் சூரியன், முன்னால் உற்றார், அவர்களுக்குப் பின்னால் நிலவு. இந்த ஒழுங்கு அந்த ஒரு வேளையில்தான் தானாக அமைகிறது.

மாலையில் மழை மேகம் கட்டிக்கொண்டால் என்ன செய்வது? நம் நாட்டில் அது அடிக்கடி நடப்பதுதான். அதற்கும் வழி இருக்கிறது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை, சூரியன் எழும்போது நிலவு மேற்கே ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். மாலையில் கிழக்கே கண்ட காட்சியைக் காலையில் மேற்கே காணலாம். பால்வெட்டுக்கும் செம்பனை வேலைக்கும் விடியலில் கிளம்புகிறவர்களுக்கு அந்த நிலவு நன்றாகத் தெரியும். பட்டணத்தார் உறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நமக்கு மட்டும் கிடைக்கும் வாய்ப்பு அது.

படம் எடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. நல்லதொன்றைத் தாளில் அச்சிட்டு, பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், படத்தில் இருப்பவர்களின் பெயர், நாள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். தேதியை நிலவு சொல்லிவிடும். நின்றவர்கள் யார் என்பதை நாம்தாம் எழுதிவைக்க வேண்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள். அந்தப் பெரியவருக்கு நாங்கள் கொடுத்த வாக்கு பொய்த்துப்போனது, ஒன்றே முக்கால் மணி நேரம் தவறியதால். அவருடைய பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்காத படம் உங்கள் பேரப்பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும். இன்றே நாட்காட்டியை எடுத்து, வரும் பௌர்ணமிக்கு முதல் நாளை வட்டமிட்டு வையுங்கள். அன்று மாலை ஏழு மணிக்கு வேலைகளை ஒதுக்கிவிட்டுக் குடும்பத்தோடு வாசலுக்கு வாருங்கள். நிலவு தன் நேரத்திற்குத் தவறாமல் வந்துவிடும்.